பெயரும் முகவரியும்

நுழையும்முன்

மனிதர் பெயர்களால் நினைவுகொள்கின்றனர். கணினிகள் எண்களால் தொடர்புகொள்கின்றன. இவ்விரண்டிற்கும் இடையே நின்று, பெயரைக் கேட்டு எண்ணைச் சொல்லும் ஓர் ஏற்பாடு உலகெங்கும் ஓய்வின்றி இயங்கிக்கொண்டிருக்கிறது. நாம் அனுப்பும் ஒவ்வொரு மின்னஞ்சலும், திறக்கும் ஒவ்வோர் இணையப்பக்கமும் அதன் துணையை நாடியே புறப்படுகின்றன. அது பிழைபட்டால் ஆலை நிற்கும். அதை அறியாதிருந்தால் நாம் ஏமாற நேரும். அதன் வரலாற்றையும் செயல்முறையையும், அதில் தமிழ் இடம்பெற்ற வகையையும் இப்பாடம் விளக்குகிறது.

பெயர் நிலைக்கும், இடம் மாறும்

சென்னையிலிருந்து பெங்களூரு செல்லும் தேசிய நெடுஞ்சாலையில், திருப்பெரும்புதூரை அடைவதற்குச் சற்று முன்னர் அமைந்துள்ள ஊர் இருங்காட்டுக்கோட்டை. ‘இருங்காடு’ என்னும் சொல் பெரிய காட்டைக் குறிக்கும். இன்று அங்கே சிப்காட் தொழிற்பூங்கா விரிந்து கிடக்கிறது. 1996-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற ஹூண்டாய் மோட்டார் இந்தியா நிறுவனத்தின் ஆலை, 1998 முதல் அங்கு மகிழுந்துகளை உருவாக்கி வருகிறது. திருப்பெரும்புதூர், ஒரகடம் என நீளும் இத்தொழில் வழித்தடம், தமிழ்நாட்டின் பல மாவட்டத்து இளைஞர்களுக்கு வேலை தரும் நிலமாக மாறியுள்ளது.

காடு மாறிவிட்டது, பெயர் மாறவில்லை. பெயரின் இயல்பே இதுதான். அது சுட்டும் பொருள் உருமாறினாலும், இடம்பெயர்ந்தாலும், பெயர் நின்று வழிகாட்டும். ‘மாவட்ட ஆட்சியர் அலுவலகம்’ புதிய கட்டடத்திற்கு மாறினாலும் நாம் அதே பெயரைச் சொல்லித்தான் வழி கேட்கிறோம். கணினி வலையமைப்பும் இதே தேவையை எதிர்கொண்டது. இடம் மாறக்கூடிய ஒன்றிற்கு மாறாத பெயரைச் சூட்டி, அப்பெயரைச் சொன்னவுடன் அப்போதைய இடத்தை அறிவிப்பது எப்படி? இவ்வினாவிற்கு அறிவியலாளர் கண்ட விடையே *களப்பெயர் முறைமை*.

> தெரிந்து தெளிவோம்
> இருமை + காடு: ‘ஈறுபோதல்’ என்னும் விதிப்படி ‘மை’ கெட்டு, இரு + காடு என்றாகும். ‘இனமிகல்’ என்னும் விதிப்படி ககரத்திற்கு இனமான ஙகரம் தோன்றி ‘இருங்காடு’ எனப் புணரும். ‘கருங்கடல்’ என்பதும் இவ்வாறு அமைந்ததே.

எண்களால் ஆன முகவரி

1972 ஆகஸ்டு 15 அன்று இந்திய அஞ்சல் துறை ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டு எண்ணை அறிமுகப்படுத்தியது. திருப்பெரும்புதூரின் குறியீட்டு எண்ணாகிய 602105 என்பதில் முதல் இலக்கமாகிய 6, தமிழ்நாட்டையும் கேரளத்தையும் உள்ளடக்கிய தென்மண்டலத்தைக் காட்டுகிறது. முதல் மூன்று இலக்கங்கள் அஞ்சல் பிரிப்பு மாவட்டத்தையும், இறுதி மூன்று இலக்கங்கள் வழங்கும் அஞ்சலகத்தையும் சுட்டுகின்றன. எண்ணைப் பார்த்தே கடிதத்தை உரிய திசையில் அனுப்பிவிடலாம்.

வலையமைப்பில் இணைந்த கணினிக்கும் இத்தகைய எண் உண்டு. அதனை *இணைய நெறிமுறை முகவரி* என்பர், ஐ.பி. முகவரி என்பது பெருவழக்கு. நான்காம் பதிப்பு முகவரி 32 துணுக்குகளால் ஆனது. 0 முதல் 255 வரையுள்ள நான்கு எண்களைப் புள்ளியிட்டுப் பிரித்து அதனை எழுதுவர். இம்முறையில் ஏறத்தாழ 429 கோடி முகவரிகள் மட்டுமே அமையும். உலகின் தேவைக்கு அவை போதாமையால், 128 துணுக்குகள் கொண்ட ஆறாம் பதிப்பு உருவாக்கப்பட்டது. அதன் முகவரிகளை ஒருவர் மனத்தில் இருத்துவது அரிது.

ஆகவே, மனிதருக்குப் பெயர் வேண்டும். கணினிக்கு எண் வேண்டும். பெயரை எண்ணாக மாற்றித் தரும் செயலே *பெயர்த் தீர்வு* எனப்படுகிறது.

ஒரே ஏட்டில் ஓர் உலகம்

இணையத்தின் முன்னோடியாகிய ஆர்ப்பாநெட், 1969-இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்டது. அதில் இணைந்த கணினிகளின் பெயர்களும் எண்களும் ஒரே கோப்பில் எழுதப்பட்டிருந்தன. கலிபோர்னியாவின் மென்லோ பார்க் நகரில் இருந்த ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனத்தின் வலையமைப்புத் தகவல் மையம் அக்கோப்பைப் பேணியது. அம்மையத்தைப் பல்லாண்டுகள் வழிநடத்தியவர் எலிசபெத் ஃபைன்லர் என்னும் அறிஞர். புதிய கணினியை இணைப்போர் அம்மையத்திற்குத் தெரிவிப்பர். மையத்தார் அதனைக் கோப்பில் சேர்ப்பர். பிற கணினிகள் அக்கோப்பைப் படியெடுத்துக்கொள்ளும்.

சில நூறு கணினிகள் இருந்தவரை இம்முறை பயன்பட்டது. எண்ணிக்கை பெருகியபோது மூன்று இடர்கள் தோன்றின. அனைவரும் ஒரே இடத்தில் கோப்பைப் படியெடுத்ததால் நெரிசல் மிகுந்தது. புதிய படியைப் பெறாதவர் பழைய எண்ணையே நம்பியிருந்தனர். ஒரே பெயரை இருவர் விரும்பியபோது முரண் எழுந்தது. ஊர் ஒன்றெனில் ஒரு கணக்கரே போதும். நாடு முழுமைக்கும் ஒரே கணக்கர் எனில் ஏடு தாங்காது.

இன்றும் ஒவ்வொரு கணினியிலும் அப்பழைய கோப்பின் வடிவம் *புரவலர் கோப்பு* என்னும் பெயரில் இருக்கிறது. ‘லோக்கல்ஹோஸ்ட்’ என்னும் பெயர் 127.0.0.1 என்னும் எண்ணை, அதாவது அந்தக் கணினியையே குறிக்கும் என்பது அதில் வழக்கமாகக் காணப்படும் வரி.

ஆலைக்குள் ஓர் ஏடு

அக்கோப்பின் குறைபாட்டை உணர, ஒரு மகிழுந்து ஆலையை மனத்தில் காண்போம். வண்ணப்பூச்சுக் கூடத்திலிருந்து வெளிவரும் வண்டிக்கூடு தொகுப்புக் கூடத்தை நோக்கி நகர்கிறது. அடுத்து வருவது வெள்ளை வண்டியா சிவப்பு வண்டியா, அதற்கு எந்த இருக்கை பொருத்தப்பட வேண்டும் என்பதை, வரிசையின் ஒவ்வொரு நிலையத்திலும் உள்ள கணினி ‘வரிசைமுறை’ என்னும் சேவையகத்திடம் கேட்டறிகிறது. உதிரிப்பாகங்களைக் குவித்துவைக்காமல், தேவைப்படும் வேளையில் தேவைப்படும் ஒழுங்கில் பெறுவது இக்கால உற்பத்தி முறை. ஆதலால் இவ்வினாவிற்கு உடனுக்குடன் விடை வேண்டும்.

அவ்வாலையில் 400 கணினிகள் இருப்பதாகவும், ஒவ்வொன்றின் புரவலர் கோப்பிலும் ‘வரிசைமுறை’ சேவையகத்தின் எண்ணைக் கையால் எழுதியிருப்பதாகவும் கொள்வோம். சேவையகம் பழுதடைந்து, வேறோர் எண்ணுடைய புதிய சேவையகம் நிறுவப்படுகிறது. இப்போது 400 கோப்புகளையும் திருத்த வேண்டும். 399 திருத்தப்பட்டு ஒன்று விடுபட்டாலும், அந்த ஒரு நிலையம் இல்லாத முகவரியின் கதவைத் தட்டிக்கொண்டிருக்கும். மின்சாரம் உண்டு, வடம் உண்டு, புதிய சேவையகமும் நலமே. எனினும் அந்நிலையத்தில் வண்டி நகராது. ஒரு நிலையம் நின்றால் அதன் பின்னுள்ள வரிசை முழுவதும் நிற்கும்.

இதனைத் தவிர்க்கவே ஆலைகளும் அலுவலகங்களும் தமக்குள் ஒரு *பெயர்ச் சேவையகத்தை* அமைத்துக்கொள்கின்றன. 400 கணினிகளும் அதனிடம் கேட்கும். எண் மாறினால் ஓரிடத்தில் திருத்தினால் போதும். எனினும், ஓரிடத்தை நம்பியிருத்தலும் இடரே. அந்த ஒன்று நின்றால் அனைத்தும் வழியறியாது நிற்கும். எனவே, இரண்டு பெயர்ச் சேவையகங்களையேனும் வெவ்வேறு இடங்களில் நிறுவுதல் நல்ல நடைமுறையாகக் கருதப்படுகிறது.

கிளைவிட்ட மரம்

உலகளாவிய இடருக்குத் தீர்வு கண்டவர் பால் மொக்கபெட்ரிஸ். தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் தகவல் அறிவியல் நிறுவனத்தில் ஜான் போஸ்டெல் என்பாருடன் பணியாற்றிய அவர், 1983-இல் களப்பெயர் முறைமையை வடிவமைத்து வெளியிட்டார். 1987-இல் வெளிவந்த அதன் திருத்திய வடிவமே இன்றளவும் அடித்தளமாக விளங்குகிறது.

அவருடைய தீர்வு எளிமையானது: பெயர்களைப் படிநிலையாக அமைப்பது, ஒவ்வொரு படியின் பொறுப்பையும் அப்படிக்கு உரியவரிடமே ஒப்படைப்பது.

தமிழ்நாட்டில் ‘புதூர்’ என்னும் பெயருடைய ஊர்கள் பல. ஆயினும் அஞ்சல்காரர் குழம்புவதில்லை. ஊருக்குப் பின் வட்டத்தையும், அதன்பின் மாவட்டத்தையும், இறுதியில் மாநிலத்தையும் எழுதுகிறோம் அல்லவா? சிறியதிலிருந்து பெரியதற்குச் செல்லும் இவ்வொழுங்கே களப்பெயரிலும் உள்ளது. வலக்கோடியில் இருப்பது மிகப்பெரிய பிரிவு. இடப்புறம் செல்லச்செல்லப் பிரிவு சிறிதாகும். ‘தேர்வு.பள்ளி.இந்தியா’ என ஒரு பெயர் இருப்பதாகக் கொண்டால், ‘இந்தியா’ மேல்நிலைக் களம். ‘பள்ளி’ அதனுள் பதிவுசெய்யப்பட்ட பெயர். ‘தேர்வு’ அப்பள்ளி தனக்குள் வகுத்துக்கொண்ட பிரிவு. இவை அனைத்திற்கும் மேலே, எழுதப்படாத *வேர்* உள்ளது.

மாநிலத் தலைமைச் செயலகம் ஒவ்வோர் ஊரின் வீட்டு எண்களையும் வைத்திருப்பதில்லை; எந்த மாவட்டத்திற்கு யார் பொறுப்பு என்பதை மட்டும் அறிந்திருந்தால் போதும். வேரும் அவ்வாறே. மேல்நிலைக் களங்கள் ஒவ்வொன்றுக்கும் யாரைக் கேட்க வேண்டும் என்பதையே அது அறியும். இந்தியாவிற்குரிய மேல்நிலைக் களங்களின் பதிவேட்டை, 2003-இல் தொடங்கப்பெற்ற இந்திய தேசிய இணையப் பரிமாற்றகமான நிக்சி பேணுகிறது.

வினாவும் விடையும்

மாணவி ஒருத்தி தன் கைப்பேசியில் ‘தேர்வு.பள்ளி.இந்தியா’ எனத் தட்டச்சு செய்தால் நிகழ்வன யாவை?

முதலில் கைப்பேசி தன் நினைவில் விடை உள்ளதா எனப் பார்க்கும். இல்லையெனில், இணையச் சேவை வழங்கும் நிறுவனத்தின் *தீர்வுச் சேவையகத்திடம்* கேட்கும். அச்சேவையகம் வேர்ச் சேவையகத்தை அணுகும். “எனக்குத் தெரியாது, ‘இந்தியா’ களத்தின் சேவையகங்கள் இவை, அங்கே கேள்” என வேர் வழிகாட்டும். அக்களத்தின் சேவையகமோ, ‘பள்ளி’க்குரிய பெயர்ச் சேவையகத்தைச் சுட்டும். இறுதியாகப் பள்ளியின் பெயர்ச் சேவையகம், “ ‘தேர்வு’ப் பிரிவின் எண் இது” என விடையளிக்கும். விடை கைப்பேசியை அடைந்த பின்னரே அப்பக்கம் திறக்கத் தொடங்கும். இவை யாவும் இமைப்பொழுதில் முடிகின்றன.

பெயர்ச் சேவையகத்தில் எண் மட்டுமன்றிப் பிற குறிப்புகளும் உள்ளன. அக்களத்திற்கு வரும் மின்னஞ்சலை எந்தச் சேவையகத்தில் சேர்ப்பது என்பதும் அவற்றுள் ஒன்று. எண்ணைக் கொடுத்துப் பெயரைக் கேட்கும் தலைகீழ்த் தேடலும் உண்டு.

> தெரியுமா?
> வேர்ச் சேவையகங்களுக்கு ‘ஏ’ முதல் ‘எம்’ வரை 13 பெயர்கள் உள்ளன. பெயர்கள் 13 ஆயினும், ஒரே முகவரியுடைய படிகள் உலகின் பல நகரங்களில் நிறுவப்பட்டுள்ளன. வினா எழுப்பும் கணினிக்கு வலையமைப்பு வழியில் அண்மையில் உள்ள படி விடையளிக்கும்.

நினைவும் மறதியும்

ஒவ்வொரு முறையும் வேரிலிருந்து கேட்டுவருவது வீண்வேலை. ஆகவே, தீர்வுச் சேவையகம் தான் பெற்ற விடையைச் சிறிதுகாலம் நினைவில் வைத்திருக்கும். எவ்வளவு காலம் என்பதை விடையளிப்பவரே வினாடிக் கணக்கில் குறித்து அனுப்புவார். இதற்கு *விடையின் ஆயுட்காலம்* என்று பெயர். 86,400 வினாடி எனில் ஒருநாள் முழுவதும் அவ்விடை நினைவில் இருக்கலாம். 300 வினாடி எனில் ஐந்து நிமிடத்தில் மறந்துவிட வேண்டும்.

நினைவு நீண்டால் விரைவு கூடும். ஆனால், எண் மாறியபின்னும் பழைய விடை உலவும். நினைவு குறுகினால் மாற்றம் விரைந்து பரவும். ஆனால், வினாக்கள் பெருகும். எனவே, சேவையகத்தை மாற்றத் திட்டமிடும் பொறியாளர், சில நாள்களுக்கு முன்பே ஆயுட்காலத்தைக் குறைத்துவிடுவார். மாற்றம் முடிந்தபின் மீண்டும் கூட்டுவார். வீடு மாறுமுன் அஞ்சலகத்தில் சொல்லிவைப்பது போன்ற முன்னறிவு இது.

வழி மறைந்தாலும் வழி பொய்த்தாலும்

2021 அக்டோபர் 4 அன்று முகநூலும் வாட்ஸ்அப்பும் உலகெங்கும் ஏறத்தாழ ஆறு மணிநேரம் செயலிழந்தன. பராமரிப்புப் பணியின்போது நிகழ்ந்த ஒரு பிழையால் அந்நிறுவனத்தின் தரவு மையங்களை இணைத்த வலையமைப்புத் துண்டிக்கப்பட, அதன் பெயர்ச் சேவையகங்களுக்குச் செல்லும் வழி இணையத்திலிருந்து மறைந்தது. சேவையகங்கள் அழியவில்லை, அவற்றின் இருப்பிடத்தைச் சொல்வார் இல்லாமற்போயினர். பழுதை நீக்க வேண்டிய பொறியாளர்களின் உள்ளகக் கருவிகள் சிலவும் அதே பெயர்முறையை நம்பியிருந்தமையால், சீரமைப்பும் தாமதமாயிற்று.

வழி மறைவதினும் கொடிது, வழி பொய்ப்பது. 2008-இல் டான் காமின்ஸ்கி என்னும் அமெரிக்க ஆய்வாளர் ஒரு பெருங்குறையைக் கண்டறிந்தார். தீர்வுச் சேவையகம் தன் வினாவுடன் ஓர் அடையாள எண்ணை அனுப்பும். அதே எண்ணுடன் வரும் விடையை உண்மை என ஏற்கும். அவ்வெண் 65,536 வகையில் மட்டுமே அமையும். ஆதலால் போலி விடைகளை மிகுதியாக அனுப்பி, அவற்றுள் ஒன்றைச் சேவையகத்தின் நினைவில் ஏற்றிவிட முடியும் என்பதை அவர் உணர்ந்தார். அவ்வாறு நேர்ந்தால், வங்கியின் பெயரைச் சரியாகவே தட்டச்சு செய்தவரும் திருடனின் வாசலுக்கு அழைத்துச் செல்லப்படுவர். காமின்ஸ்கி அதனைப் பகிரங்கமாக்காமல் மென்பொருள் உருவாக்குவோரிடம் முதலில் தெரிவித்தார்; அவர்கள் ஒன்றுகூடி அதே ஆண்டு ஜூலையில் திருத்தங்களை வெளியிட்டனர். அறிந்த குறையைத் தன்னலத்திற்குப் பயன்படுத்தாமல் உலகிற்குக் காவலாக்கியது அறிவின் அறமாகும். விடையுடன் மின்னணுக் கையொப்பத்தையும் இணைக்கும் பாதுகாப்பு முறை, 2010 ஜூலையில் வேர் நிலையிலும் நடைமுறைக்கு வந்தது.

தமிழில் முகவரி

களப்பெயர் முறைமை பிறந்தபோது, நடைமுறையில் அதற்கு இலத்தீன் எழுத்துகள் 26, எண்கள் 10, இணைப்புக்கோடு ஒன்று என 37 குறிகளே தெரியும். தன் ஊரின் பெயரைத் தன் மொழியில் எழுத உலகின் பெரும்பகுதியினருக்கு வாய்ப்பில்லை. இந்நிலையை மாற்றும் முயற்சிக்குத் தமிழர் வாழும் மண்ணும் களமாயிற்று. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் டான் டின் வீ தலைமையிலான குழுவினர், 1998-இல் பன்மொழிக் களப்பெயர்களுக்கான ஆய்வில் ஈடுபட்டனர்.

அடித்தளத்தை இடிக்காமலே மாடி எழுப்பும் வழியொன்று 2003-இல் தரப்படுத்தப்பட்டது. பயனர் தமிழில் எழுதுவார். கணினி அதனை அந்த 37 குறிகளால் ஆன தொடராக மாற்றும். பெயர்ச் சேவையகங்கள் அத்தொடரைக் கொண்டு எண்ணைத் தேடும். ‘எக்ஸ்’, ‘என்’ என்னும் இரு எழுத்துகளும் இரண்டு இணைப்புக்கோடுகளும் அத்தொடரின் முன்னொட்டாக நிற்கும். இம்மாற்று முறை *புனிகோடு* எனப்படுகிறது.

‘இந்தியா’ என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். தமிழ் இலக்கணப்படி அதில் உள்ளவை இ, ந், தி, யா என்னும் நான்கு எழுத்துகள். ஒருங்குறி முறையிலோ இ, ந, புள்ளி, த, இகரக்குறி, ய, கால் என ஏழு குறியீடுகள். களப்பெயர் முறைமைக்குள் நுழையும்போது அது 17 குறிகளாகிறது. உருவம் மாறினும் படிப்பவர் கண்ணுக்குத் தமிழாகவே தோன்றுகிறது. 2010, 2011 ஆகிய ஆண்டுகளில் ‘இலங்கை’, ‘இந்தியா’, ‘சிங்கப்பூர்’ என்னும் தமிழ் மேல்நிலைக் களங்கள் வேரில் இடம்பெற்றன. மூன்று நாடுகள் தம் பெயரைத் தமிழில் எழுதி உலக வலையமைப்பின் உச்சியில் பதித்துள்ளன.

வலமிருந்து இடமாக

தொழில் வழித்தடத்தில் வேலை தேடும் இளைஞர்களைக் குறிவைத்து, பெரிய நிறுவனங்களின் பெயரைத் தாங்கிய போலித் தளங்கள் உருவாக்கப்படுவதுண்டு. பதிவுக்கட்டணம் எனப் பணம் பறிப்பதே அவற்றின் நோக்கம். இப்பாடத்தில் கற்றது அவர்களுக்கு ஒரு கவசமாகும்.

‘வேலை.ஆலை.இந்தியா’, ‘ஆலை.வேலை.இந்தியா’ என்னும் இரு பெயர்களை ஒப்பிடுக. இரண்டிலும் இருப்பவை அதே மூன்று சொற்களே. ஆயினும், முதற்பெயரின் உரிமையாளர் ‘ஆலை’. இரண்டாம் பெயரின் உரிமையாளர் ‘வேலை’ என்னும் பெயரைப் பதிவுசெய்த யாரோ ஒருவர். அவர் தம் களத்திற்குள் ‘ஆலை’ என்று மட்டுமன்றி எந்த நிறுவனத்தின் பெயரையும் ஒரு பிரிவுக்குச் சூட்டிக்கொள்ளலாம். ஆகவே, முதலில் கண்ணிற்படும் பெயரை நம்பாமல் வலமிருந்து இடமாகப் படித்து, பெயரைப் பதிவுசெய்தவர் யார் எனக் காணவேண்டும்.

எழுத்துகளின் தோற்றமும் ஏமாற்றும். ககரமும் தமிழ் எண் ஒன்றும் வடிவில் ஒத்தவை. ‘ஔ’ என்னும் ஓரெழுத்தும், ‘ஒ’, ‘ள’ என்னும் ஈரெழுத்தும் பார்வைக்கு ஒன்றுபோலவே தோன்றும். கணினிக்கோ அவை வெவ்வேறு. இலத்தீன் எழுத்துகளிலும் இத்தகைய மயக்கங்கள் உள. மேலும், பெயர்த் தீர்வு எண்ணைச் சரியாகச் சொல்லுமேயன்றி, அங்கிருப்பவர் நல்லவரா என்று சொல்லாது. அதனை ஆராய்ந்து தெளிவது நம் கடமை.

ஒரே ஏட்டில் அடங்கிய சிறுவலையமைப்பு, பொறுப்பைப் பகிர்ந்துகொண்டதால் உலகளாவியதாக வளர்ந்தது. ஒவ்வொருவரும் தம் எல்லைக்குள் உண்மையான விடையைச் சொல்வர் என்னும் நம்பிக்கையின்மீது அது நிற்கிறது. அந்நம்பிக்கையைக் காக்கும் பொறியாளர்களாகவும், விழிப்புடன் பயன்படுத்தும் குடிமக்களாகவும் இன்றைய மாணவர்கள் உருவாக வேண்டும். பெயரை அறிவது தொடக்கம். அப்பெயர் நம்மை எங்கே அழைத்துச் செல்கிறது என்பதை அறிவதே கல்வி.

கலைச்சொல் அறிவோம்

களப்பெயர் – டொமைன் நேம்
பெயர்ச் சேவையகம் – நேம் சர்வர்
புரவலர் கோப்பு – ஹோஸ்ட்ஸ் ஃபைல்
வேர்ச் சேவையகம் – ரூட் சர்வர்
தீர்வுச் சேவையகம் – ரிசால்வர்

கற்பவை கற்றபின்…

1. உங்கள் வீட்டு முகவரியைக் களப்பெயர் போலப் புள்ளியிட்டு எழுதி, ஒவ்வொரு பிரிவுக்கும் பொறுப்பானவர் யார் எனப் பட்டியலிடுக.
2. மாணவர்கள் கைப்பேசி, தீர்வுச் சேவையகம், வேர், மேல்நிலைக் களம், பெயர்ச் சேவையகம் எனப் பாத்திரமேற்று, வினாவும் விடையும் பயணிக்கும் முறையை வகுப்பறையில் நடித்துக் காட்டுக.
3. ‘தமிழ்’ என்னும் சொல்லில் இலக்கணப்படி எத்தனை எழுத்துகள், ஒருங்குறிப்படி எத்தனை குறியீடுகள் உள்ளன எனக் கண்டறிந்து ஒப்பிடுக.

மதிப்பீடு

*பலவுள் தெரிக*

1. ‘இருங்காடு’ என்னும் சொல்லில் ஙகரம் தோன்றக் காரணமான விதி
அ) ஆதிநீடல்  ஆ) இனமிகல்  இ) அடியகரம் ஐ ஆதல்  ஈ) தன்னொற்று இரட்டல்

2. களப்பெயர் முறைமையை வடிவமைத்தவர்
அ) ஜான் போஸ்டெல்  ஆ) எலிசபெத் ஃபைன்லர்  இ) பால் மொக்கபெட்ரிஸ்  ஈ) டான் காமின்ஸ்கி

*குறுவினா*

1. பெயர்த் தீர்வு என்றால் என்ன?
2. சேவையகத்தை மாற்றுமுன் விடையின் ஆயுட்காலத்தைக் குறைப்பது ஏன்?

*சிறுவினா*

1. ஒரே கோப்பில் பெயர்களைப் பேணிய முறையில் தோன்றிய இடர்களை விளக்குக.
2. களப்பெயரை வலமிருந்து இடமாகப் படிப்பதன் பயனை எடுத்துக்காட்டுடன் எழுதுக.

*நெடுவினா*

‘பொறுப்பைப் பகிர்தலே பெருவளர்ச்சிக்கு வழி’ என்னும் கருத்தைக் களப்பெயர் முறைமையின் வரலாற்றைக் கொண்டு நிறுவுக.